லீவு பிள்ளைகளுக்கு... அம்மாவுக்கு?

கோடை விடுமுறையில் ஓர் எச்சரிக்கை! பூதப்பாண்டியிலிருந்து ஒரு சித்த மருத்துவர்

மே மாதத்து மத்தியானம். மணி ஒன்றரை இருக்கும். கிளினிக்கைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"டாக்டர் சார், இவனுக்கு ஏதாவது மருந்து குடுங்க. சொன்ன பேச்சு ஒண்ணும் கேக்க மாட்டேங்கான். லீவு விட்டு இருவது நாளாச்சு, என் உயிரை எடுக்கான்!"

பையனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தேன். மேல்கையில் கரண்டிக் காம்பு பதிந்த தடம், இரண்டு. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன்டே மக்கா, அம்மா சொன்னா கேக்கப்பிடாதா?" என்று கேட்டேன்.

அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "எனக்கு ஒண்ணும் இல்ல சார். அம்மாக்குதான் மருந்து வேணும். ராத்திரி உறங்கவே மாட்டேங்கா. எந்திச்சு எந்திச்சு இருக்கா."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டார்.

நாடி பார்த்தேன். கண் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றேன். யோசித்தார். "காப்பி குடிச்சேன்..." மணி ஒன்றரை என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன்!

நோயாளி யார் என்பதைப் பையன் சரியாகவே கண்டுபிடித்திருந்தான்.

வாசகிகளே, உங்கள் வீட்டுக் கதையும் இதேதானா? அப்படியென்றால் மேலே படியுங்கள். வாசகர்களே, நீங்களும்தான். முக்கியமாக நீங்கள்தான்!

லீவு என்றால் யாருக்கு லீவு?

பள்ளிக்கூடம் நடக்கும்போது ஓர் அம்மாவின் நாளில் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். வேலை இருந்தாலும் சத்தம் இருக்காது. தனியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம். அரை மணி கண் அசரலாம். லீவு விட்ட மறுநாளே அந்த இடைவெளி போய்விடுகிறது. மூன்று வேளைச் சமையல், நடுவில் நாலு தடவை "அம்மா, திங்க என்ன இருக்கு?", செல்போனுக்கு ஒரு சண்டை, ரிமோட்டுக்கு ஒரு சண்டை. இதற்கு நடுவே ஊரிலிருந்து விருந்துக்காரர்கள்!

2024ல் எடுக்கப்பட்ட மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்காகச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இது வருடம் முழுவதற்குமான சராசரி. லீவு மாதத்துக்கு மட்டும் தனியாகக் கணக்கெடுத்தால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அதே 2024ல், ஜூன் 6ம் தேதி திறப்பதாக இருந்த தமிழகப் பள்ளிகள் வெயில் காரணமாக ஜூன் 10ம் தேதிக்குத் தள்ளிப்போயின. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். கிளினிக்குக்கு வந்த ஒரு டீச்சரம்மா, "நாலு நாள்தான் சார்... ஆனா அந்தச் செய்தியைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துட்டு" என்றார். அவரும் ஓர் அம்மாதானே!

இப்படிச் சொல்ல அம்மாக்கள் வெட்கப்படுகிறார்கள். "பெத்த பிள்ளை வீட்டில் இருக்கிறதே பாரமா? நான் என்ன அம்மா?" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். சகோதரிகளே, பிள்ளை பாரமில்லை. ஓய்வே இல்லாமல் போவதுதான் பாரம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடக்கக் கூடாத 14

சித்த மருத்துவத்தில் வேகங்கள் 14 என்று உண்டு. உடம்பு இயற்கையாகக் கேட்கிற, அடக்கக் கூடாத 14 விஷயங்கள். வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் என்பவை அவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் இந்தப் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் அர்த்தம் பல வருஷம் கழித்து, மே மாதங்களில் என் முன்னால் வந்து உட்கார்ந்த அம்மாக்களைப் பார்த்துத்தான் புரிந்தது. 14ல் குறைந்தது ஐந்தை இவர்கள் தினமும் அடக்குகிறார்கள். பசி, தாகம், சிறுநீர், தூக்கம், கண்ணீர். பிறகு மனசு மட்டும் எப்படித் தெளிவாக இருக்கும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பசி: பசியை அடக்கினால் உடல் இளைப்பு, முகவாட்டம், பிரமை உண்டாகும் என்கின்றன நூல்கள். பகல் 10 மணி முதல் 2 மணி வரை பித்தம் மிகும் நேரம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. அந்த நேரத்தில் வெறும் வயிறு, அடுப்படிச் சூடு, சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால்? "பிள்ளையை எப்போது அடித்தீர்கள்?" என்று நான் கேட்ட அம்மாக்களில் பெரும்பாலோர் சொன்னது மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தைத்தான்!

என்ன செய்யலாம்? காலை எட்டரைக்குள் நீங்கள் சாப்பிட்டுவிட வேண்டும். எல்லோருக்கும் பரிமாறி முடித்து மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிற பழக்கத்தை இந்த இரண்டு மாதமாவது மூட்டை கட்டி வையுங்கள். தோசை சுடத் தெம்பில்லையா? சம்பா அரிசிப் பழங்கஞ்சியில் மோர் விட்டு, நாலு சின்ன உள்ளி கடித்துக்கொண்டு குடியுங்கள். அரிசிச் சாக்கு பக்கத்தில் இருக்க, வெறும் காப்பியில் நாளை ஓட்டுவது நாஞ்சில் நாட்டுக்கே அவமானம்! பதினொரு மணிக்கு ஒரு மட்டிப்பழம். நம் கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதைப் பிள்ளைக்கு மட்டும் உரித்துக் கொடுக்காமல் நீங்களும் ஒன்று தின்னுங்கள். (சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.)

2. தாகம்: வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, எரிச்சல் வரும். இதை டென்ஷன் என்று நினைத்து இன்னொரு காப்பி குடிக்கிறோம். ஒரு மண்பானையில் கொஞ்சம் வெட்டிவேரைச் சுத்தம் செய்து போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி வையுங்கள். நீர்மோர், நுங்கு எல்லாமே நல்லது. இளநீர் மட்டும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

3. சிறுநீர்: "பாத்ரூம் போனாக்கூட கதவைத் தட்டுகான் சார்" என்றார் ஒரு பெண். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பில்லை. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும், சந்துகளில் நோவும் வரும் என்கிறது நூல். கோடையில் நீர்க்கடுப்போடு வருகிற பெண்கள் அதிகம். அம்மா பாத்ரூமில் இருக்கும்போது வீடு பற்றி எரிந்தால் மட்டுமே கூப்பிட வேண்டும் என்று சட்டம் போடுங்கள்!

4. தூக்கம்: தூக்கத்தை அடக்கினால் தலைகனம், கண் சிவத்தல், தெளிவில்லாத பேச்சு. பிள்ளைகள் பதினொரு மணி வரை செல்போன் பார்க்கிறார்கள். அவர்கள் தூங்கிய பிறகுதான் எனக்கென்று நேரம் என்று அம்மாவும் ஒரு மணி வரை செல்போன் பார்க்கிறார். காலையில் பால்காரர் மணி அடித்துவிடுகிறார். லீவானாலும் இரவு ஒன்பதரைக்குப் பிள்ளைகள் படுக்க வேண்டும். பெரியவர்களுடையது உட்பட எல்லா செல்போனும் அந்த நேரத்தில் ஹால் அலமாரிக்குப் போகவேண்டும்.

"மத்தியானம் கொஞ்சம் படுத்தால் என்ன?" என்று கேட்டால், நம் ஊர் அம்மாக்களிடம் ஒரு நியாயமான பதில் இருக்கிறது. "கண்ணு அசந்தா பயலுவ ஆத்துக்கோ குளத்துக்கோ போயிருவானுவ சார்." உண்மைதான். ஒரு பக்கம் பழையாறு, சுற்றிலும் குளங்கள், கால்வாய்கள். நாலு வீட்டு ஆச்சிமார் திண்ணையில் இருந்து தெருவையே பார்த்துக்கொண்ட காலத்தில் இந்தப் பயம் ஓர் அம்மாவின் தலையில் மட்டும் இல்லை. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு அம்மாவும் தனித்தனியாகக் காவல் காக்கிறார்!

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர்க்காரர்கள்தானே நாம்? பிள்ளைகளுக்கும் முறை வையுங்கள். பக்கத்தில் நாலு வீடு சேருங்கள். மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரு வீட்டில். இன்று உங்கள் வீடு, நாளை எதிர்வீடு. நாலு நாளில் மூன்று நாள் உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. பைசா செலவில்லை. முறைக்கு இருப்பவர் பிள்ளைகளைக் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர்ப் பக்கம் பெரியவர் துணை இல்லாமல் அனுப்பவே கூடாது.

5. கண்ணீர்: இதுதான் முக்கியமானது. கண்ணீரை அடக்கினால் பீனிசம், கண் நோய், குன்மம் வரும் என்று எழுதிவைத்தவர்கள், அழுகையை ஒரு பலவீனமாக நினைக்கவில்லை. பசி மாதிரி, தும்மல் மாதிரி, அதுவும் உடம்பின் ஒரு தேவை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் போனால் நான் பொய்யன் ஆவேன். எங்கள் பையன்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு மே மாதம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குள் போனேன். என் மனைவி புறவாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன, கண்ணுல தூசியா?" என்று கேட்டேன். "ஆமா, தூசிதான்" என்று எழுந்து வந்து சோறு போட்டார். நானும் சாப்பிட்டுவிட்டு, வேகங்கள் 14ஐயும் மனப்பாடமாகத் தெரிந்த டாக்டராக, கிளினிக்குப் போய்விட்டேன். அது தூசியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் உட்கார்ந்து பதில் கேட்க வேண்டும் அல்லவா? ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார். "நீங்க தூசியான்னு கேட்டதுதான் அன்னைக்கு ரொம்ப வலிச்சுது."

கணவன்மார்களே, தூசியா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தீர்வு சொல்ல வேண்டாம். "என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. போனில் கூப்பிடும்போது "பிள்ளைங்க என்ன செய்யுது?" என்று கேட்பதற்கு முன்னால் "நீ சாப்பிட்டியா, உறங்கினியா?" என்று கேளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்யலாம்?

அம்மாவை ரிலாக்ஸாக இருக்கச் சொன்னால் மட்டும் போதாது. வேலையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

* ஐந்து முதல் ஏழு வயது: சாப்பிட்ட தட்டைக் கழுவப் போடுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, விளையாட்டுச் சாமானை எடுத்து வைப்பது.
* எட்டு முதல் பதினொன்று: உள்ளி உரிப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர், தம்பி தங்கைக்குக் கதை வாசித்துக் காட்டுவது.
* பன்னிரண்டுக்கு மேல்: கடைக்குப் போவது, வீடு பெருக்குவது, பெரியவர்கள் பக்கத்தில் நிற்கச் சோறு வைக்கக் கற்றுக்கொள்வது. ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!
* கணவர்: வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளை முழுப்பொறுப்பாக வெளியே கூட்டிப்போவது. "நீயும் வா" என்று மனைவியைக் கூப்பிடாமல் இருப்பதுதான் இதில் விசேஷம்.
* மாமியார், மாமனார்: "நாங்க எல்லாம் அஞ்சு பிள்ளையை வளக்கலையா?" என்ற வாக்கியத்தை லீவு முடியும்வரை சொல்லாமல் இருப்பது. வளர்த்தீர்கள், சரிதான். தெருவே உங்களுக்குத் துணையாக இருந்ததே!

இன்னொன்று. லீவுக்குப் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருப்பது நம் பழைய வழக்கம். அது விருந்து மட்டுமில்லை, மருந்தும்கூட. அந்தப் பத்து நாளும் ஓர் அம்மா மறுபடி மகளாகிறாள். அவளுக்கும் ஒருவர் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, "நீ போய்ப் படு மக்களே" என்று சொல்வார். இப்போது நீச்சல் வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு என்று அதையும் நிறுத்திவிட்டோம். ஒரு வகுப்பைக் குறையுங்கள், தாய் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

கோபம் பொங்கும்போது...

கை ஓங்குகிறது என்று தெரிந்ததும் பிள்ளை பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். புறவாசலுக்குப் போய் முகம் கழுவி, ஒரு செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததை விட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். பத்து முறை. பிறகு உள்ளே வாருங்கள்.

அடித்தே விட்டீர்களா? பிள்ளையை மடியில் வைத்து, "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல்லுங்கள். இதனால் மரியாதை குறையாது. தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை அவன் அன்றைக்குத்தான் கற்றுக்கொள்வான்.

வாரம் ஒரு முறை, செவ்வாய் அல்லது வெள்ளி, நல்லெண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்துத் தேய்த்து, இளஞ்சூடான நீரில் குளியுங்கள். சூடு தணியும், இரவு தூக்கம் வரும். காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு இருக்கும்போது வேண்டாம். குளித்த அன்று பகலில் தூங்கவும் கூடாது.

மருந்து?

அமுக்கரா, வல்லாரை என்று தூக்கத்துக்கும் மனத்தெளிவுக்கும் எங்களிடம் மருந்துகள் உண்டு. ஆனால் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். மனநலத்துக்கு ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்கள், எந்த வைத்தியத்துக்காகவும் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

அதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருந்தது. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் சோர்வு, எரிச்சல், மறதி என்று மனக்கோளாறு மாதிரியே வேஷம் போட்டு வரும். மாதவிலக்கு நிற்கும் வயதிலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் மனசு ஏறி இறங்கும். எது என்று தெரிந்தால்தான் மருந்து.

--- இது வெறும் அலுப்பு இல்லை! ---

கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நேரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

* காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை
* பிள்ளைகள் இல்லாத நேரத்திலும் தூக்கமில்லை; அல்லது எந்நேரமும் தூக்கம்
* பசி அடியோடு போய்விடுவது
* "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம்

"இருந்து என்ன பயன்" என்ற நினைப்போ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ, யாரோ பேசுகிற மாதிரி குரல்களோ வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போக வேண்டும். அவரைத் தனியாக விடவும் கூடாது.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 2022 முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம். நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். காற்று, கருப்பு, செய்வினை என்று அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். மனநோய்களைக் 'கிரிகை' என்று தனியாகவே பிரித்து வைத்தியம் சொன்னது நம் சித்த மருத்துவம். அது நோய், யாருடைய குற்றமும் இல்லை.

------

சரி, அந்தப் பையனும் அம்மாவும் என்ன ஆனார்கள்?

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. அதற்கு மருந்து ஆரம்பித்தேன். கணவரை வரச்சொல்லி அரை மணி நேரம் பேசினேன். முதலில் "வீட்டில சும்மாதானே சார் இருக்கா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை வந்தவர் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை!

பையனுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தேன். தினமும் காலை எட்டரைக்கு, "அம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் காலண்டர் தாளில் ஒரு டிக்.

இடவப்பாதி மழை தொடங்கி, பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் இருவரும் வந்தார்கள். பையன் நாலாக மடித்த காலண்டர் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். நாலைந்து நாள் தவிர எல்லா நாளும் டிக். "அந்த நாள்ல என்னடே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு விருந்துக்காரங்க வந்திருந்தாங்க சார். நான் கேக்க மறந்துட்டேன்" என்றான்.

அவன் அம்மா சிரித்தார். அந்த மேல்கைத் தடம் மறைந்திருந்தது.

உங்கள் வீட்டில் இன்று அந்தக் கேள்வியைக் கேட்கப்போவது யார்?